ஒரு செமஸ்டர் படிக்க ஜெர்மனி போகும் வேலூர்ப் பிள்ளைகளுக்கு: படிப்பில் நான் சறுக்கிய இடங்கள்

ஜெர்மனியில் ஒரு செமஸ்டர் முடித்துவிட்டு வந்து, மார்க் பட்டியலை எங்கள் கல்லூரித் தேர்வுப் பிரிவில் நீட்டியபோது, அங்கிருந்த அண்ணன் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இன்னா தம்பி, அஞ்சுக்கு ஒண்ணு புள்ளி ஏழுதான் வாங்கிருக்க? பெயிலாவறதுக்கு இன்னாத்துக்கு அவ்ளோ தூரம் போன?"

ஜெர்மனியில் 1.0 தான் உச்ச மார்க், 5.0 என்றால் பெயில். 1.7 வாங்க நான் நூலகத்திலேயே குடியிருந்தேன். அதை அவருக்குப் புரியவைக்க அரைமணி நேரம் ஆனது, துறைத் தலைவருக்குப் புரியவைக்க மூன்று வாரம் ஆனது. இத்தனைக்கும் அது நல்லபடியாக முடிந்த பாடம். இன்னொன்றில் தேர்வு எழுதவே விடவில்லை, மற்றொன்றில் பாஸாகியும் இங்கே ஏற்கவில்லை. இரண்டையும் பிறகு அரியராக எழுதித் தொலைத்தேன்.

எந்தப் பை வாங்குவது, எந்த மசாலாப் பொடி எடுத்துப் போவது என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். படிப்பு எப்படி இருக்கும், எதில் மாட்டிக்கொள்வோம் என்று சொல்ல எனக்கு ஒருவரும் கிடைக்கவில்லை. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர்ப் பக்கத்துப் பொறியியல் கல்லூரிகளிலிருந்து, கூட்டு ஒப்பந்தம் உள்ள ஜெர்மன் பல்கலைக்கழகத்துக்கு ஒரு செமஸ்டர் மட்டும் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். முழு எம்.எஸ். படிக்கப் போகிறவர்களுக்கும் ஐந்தாவது படியிலிருந்து உதவும்.

1. முதலில் காலண்டரை எடுங்கள்

நம் ஊரில் ஆட் செமஸ்டர் ஜூலை வாக்கில் தொடங்கி டிசம்பருக்குள் முடிந்துவிடும், ஈவன் செமஸ்டர் ஜனவரியில் தொடங்கும். ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் குளிர்கால செமஸ்டர் அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை. வகுப்பு அக்டோபர் நடுவில் தொடங்கிப் பிப்ரவரி முதல் பாதி வரை ஓடும், தேர்வு அதற்கு அப்புறம்தான், சில தேர்வுகள் மார்ச்சுக்கே போய்விடும். கோடை செமஸ்டர் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, அதில் வகுப்பு ஜூலை நடுவோடு முடியும். ஹோக்‌ஷூலே என்று சொல்லும் செய்முறை சார்ந்த கல்லூரிகளில் எல்லாமே கொஞ்சம் முன்னதாகத் தொடங்கும்.

அதாவது எந்தப் பக்கம் போனாலும் இங்கே ஒரு செமஸ்டரின் பாதி அடிபடும். நான் ஐந்தாவது செமஸ்டரில் போனேன். பிப்ரவரி கடைசியில் காட்பாடி ஜங்ஷனில் வந்து இறங்கியபோது ஆறாவது செமஸ்டரில் இரண்டு மாத வகுப்பு போயிருந்தது. வருகைப் பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே விழுந்து, வருகைக் குறைவை மன்னிக்கக் கட்டும் காண்டொனேஷன் கட்டணம் கட்டி, நாலு பேரிடம் கடிதம் வாங்கித்தான் தேர்வு எழுத முடிந்தது.

என்னைக் கேட்டால் ஏழாவது செமஸ்டரில் குளிர்காலத்துக்குப் போங்கள். எட்டாவதில் பெரும்பாலும் புராஜெக்ட் மட்டும்தான் இருக்கும், மார்ச்சில் வந்து தொடங்குகிறேன் என்று வழிகாட்டி ஆசிரியரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிவிடலாம். கேம்பஸ் இன்டர்வியூ போய்விடுமே என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான், ஆன்லைனில் எத்தனை கம்பெனி இன்டர்வியூ வைக்கிறது என்று பிளேஸ்மென்ட் செல்லில் விசாரித்துவிட்டு முடிவு பண்ணுங்கள்.

குளிர்கால செமஸ்டருக்குக் கல்லூரி உங்கள் பெயரை அனுப்பும் கடைசி நாள் பெரும்பாலும் ஏப்ரலிலிருந்து ஜூனுக்குள் வந்துவிடும். முந்தைய டிசம்பரிலேயே வேலையைத் தொடங்கினால்தான் மூச்சு விடலாம்.

இன்னொன்று. திரும்பும் டிக்கெட்டைத் தேர்வுத் தேதி தெரிவதற்கு முன் போடாதீர்கள். என்னோடு வந்த ராணிப்பேட்டைப் பையன் பொங்கலுக்கு வர முடியாத ஏக்கத்தில், மலிவாகக் கிடைக்கிறதே என்று பிப்ரவரி 14-க்கு டிக்கெட் போட்டுவிட்டான். அவனுடைய கடைசித் தேர்வு பிப்ரவரி 26. தேதி மாற்றக் கட்டிய பணத்தில் இன்னொரு முறை ஊருக்கு வந்து போயிருக்கலாம்.

2. பாடத்துக்குப் பாடம் பொருத்துங்கள்: இதில்தான் எல்லாம் இருக்கிறது

ஒவ்வொரு ஜெர்மன் துறைக்கும் மோடூல்ஹான்ட்பூக் என்று ஒரு பாடக் கையேடு இருக்கும், இணையத்தில் பிடிஎஃப்பாகக் கிடைக்கும். அதில் பாடத்தின் உள்ளடக்கம், எத்தனை கிரெடிட், எந்த மொழியில் நடக்கும், எந்த செமஸ்டரில் நடக்கும், தேர்வு எழுத்தா வாய்மொழியா, முன்கூட்டி என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று எல்லாம் இருக்கும். அதைத் திறந்து வைத்துக்கொண்டு, பக்கத்தில் நம் சிலபஸை வைத்துக்கொண்டு, யூனிட் யூனிட்டாக ஒப்பிடுங்கள். எனக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது.

மூன்று இடத்தில் மாட்டுவீர்கள். ஒன்று, மொழி. கல்லூரி இணையதளம் ஆங்கிலத்தில் இருப்பதால் பாடமும் ஆங்கிலம் என்று நினைத்துவிடாதீர்கள். இளநிலைப் பாடங்கள் பெரும்பாலும் ஜெர்மனில்தான் நடக்கும், ஆங்கிலப் பாடங்கள் அதிகமும் முதுநிலையில் இருக்கும். இளநிலை மாணவர் முதுநிலைப் பாடத்தை எடுக்கலாமா என்று அங்குள்ள பன்னாட்டு அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டு, வரும் பதிலைப் பத்திரப்படுத்துங்கள். இரண்டாவது, சில பாடங்கள் கோடையில் மட்டும் நடக்கும், கையேட்டின் மூலையில் ஒரே வரியில் எழுதியிருப்பார்கள். மூன்றாவது, கிரெடிட் கணக்கு.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். ஐரோப்பாவில் இ.சி.டி.எஸ். என்ற கிரெடிட் முறை. ஒரு செமஸ்டருக்கு 30, ஒரு வருடத்துக்கு 60. ஒரு கிரெடிட் என்பது வகுப்பு, வீட்டுப்பாடம், தேர்வுக்குப் படிப்பது எல்லாம் சேர்த்து 25 முதல் 30 மணி நேர உழைப்பு. ஜெர்மனியில் 30 மணி என்றே வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊரிலோ வாரத்துக்கு ஒரு மணி நேர வகுப்பு என்றால் ஒரு கிரெடிட், வீட்டில் படிப்பது கணக்கில் வராது. தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ.-யின் மாதிரிப் பாடத்திட்டத்தில் நான்கு வருடத்துக்கு 160 கிரெடிட், அதாவது செமஸ்டருக்குச் சராசரியாக 20. அங்கே 30, இங்கே 20. ஆக நம் ஒரு கிரெடிட்டுக்கு அங்கே ஒன்றரை. நம் 4 கிரெடிட் பாடத்துக்கு அங்கே 6 கிரெடிட் பாடம் சரியாக வரும். சில கல்லூரிகளில் ஒன்றுக்கு ஒன்று என்றும், சிலவற்றில் ஒன்றுக்கு இரண்டு என்றும் வைத்திருப்பார்கள். உங்கள் கல்லூரியில் எது என்று எழுத்தில் வாங்காமல் ஒரு பாடத்தையும் தேர்ந்தெடுக்காதீர்கள்.

பேராசையில் 36 கிரெடிட் எடுக்காதீர்கள். புது ஊர், புது முறை, நாலரை மணிக்கே இருட்டிவிடும் டிசம்பர். 24 முதல் 30 போதும். ஒரு பாடம் கைவிட்டாலும் தாங்கும்படி ஒன்றைக் கூடுதலாகப் போட்டு வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

3. வாய்வார்த்தை செல்லாது, கையெழுத்து வாங்குங்கள்

லேர்னிங் அக்ரிமென்ட் என்று ஒரு படிவம் உண்டு. அங்கே எடுக்கும் பாடம், அதற்கு ஈடாக இங்கே கழியும் பாடம் இரண்டையும் எழுதி, நீங்களும் இரண்டு கல்லூரிகளும் கையெழுத்துப் போட வேண்டும். எனக்கு ஐந்து பாடத்தில் நான்குக்கு இப்படி வாங்கினேன். ஐந்தாவதுக்குத் துறைத் தலைவர், "அதெல்லாம் பாத்துக்கலாம்பா, போயிட்டு வா" என்றார். நானும் சரிங்க சார் என்று வந்துவிட்டேன். டிசம்பரில் அவர் மாறிப்போனார். புதிதாக வந்தவருக்கு நானும் தெரியாது, அந்தப் பேச்சும் தெரியாது. "பேப்பர் எங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் அவர் மேல் ஒரு தப்பும் இல்லை.

வாங்கி வைக்க வேண்டியவை:

- லேர்னிங் அக்ரிமென்ட், எல்லாக் கையெழுத்தும் முத்திரையும் உள்ளது. மூன்று நகல், ஒரு ஸ்கேன்.
- எந்த மதிப்பெண் மாற்று முறையைப் பயன்படுத்துவார்கள் என்று தேர்வுப் பிரிவின் கடிதம். இதை யாரும் சொல்ல மாட்டார்கள், நீங்களாகக் கேட்டு வாங்க வேண்டும்.
- இங்கே வருகைப் பதிவிலிருந்து விலக்கு தரும் கடிதம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்று போட்டு.
- இதுவரையான எல்லா செமஸ்டர் மார்க் பட்டியலும், எல்லா மார்க்கையும் தொகுத்துக் கல்லூரி தரும் டிரான்ஸ்கிரிப்ட் இரண்டு மூடிய உறையில்.
- ஆங்கில வழியில் படித்தேன் என்ற சான்று. ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வு இல்லாமல் இதை மட்டும் ஏற்கும் கூட்டுக் கல்லூரிகள் உண்டு, தேர்வுக் கட்டணம் கட்டும் முன் கேட்டுப் பாருங்கள்.
- உங்கள் கல்லூரிப் பாடத்திட்டம், கல்லூரி முத்திரையோடு. அங்கே ஒரு பாடத்தில் சேர்க்கலாமா என்று பேராசிரியர் யோசிக்கும்போது இதைத்தான் கேட்பார்.

டிரான்ஸ்கிரிப்ட் வாங்க எங்கள் கல்லூரியில் மூன்று வாரம் ஆனது. துணைவேந்தர் கையெழுத்து தேவைப்படும் இடங்களில் இன்னும் இழுக்கும். மே மாதத்தில் அலுவலகத்தில் பாதிப் பேர் விடுப்பில் இருப்பார்கள், அந்த அக்னி நட்சத்திர வெயிலில் நாலு தடவை அலையாமல் இருக்க வேண்டுமானால் மார்ச்சிலேயே விண்ணப்பம் போட்டுவிடுங்கள்.

4. பணம், விசா

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். கூட்டு ஒப்பந்தத்தில் போகிறவர்கள் கல்விக் கட்டணத்தை இங்கேதான் கட்டுவார்கள், அங்கே கட்ட வேண்டியதில்லை. ஆனால் செமஸ்டர் பங்களிப்பு என்று ஒன்று உண்டு, ஊரைப் பொறுத்து 100-லிருந்து 400 யூரோ வரை. பல இடங்களில் பேருந்து, ரயில் பாஸும் அதிலேயே அடக்கம்.

விசாவுக்குப் பிளாக்டு அக்கவுன்ட், அதாவது செலவுப் பணத்தை முன்பே போட்டுவிட்டு மாதாமாதம் ஓர் அளவு மட்டும் எடுக்கும் வங்கிக் கணக்கு: 2024 செப்டம்பரிலிருந்து மாதம் 992 யூரோ கணக்கு, ஆறு மாதத்துக்கு 5,952 யூரோ. விசாக் கட்டணம் 75 யூரோ. மாணவர் மருத்துவக் காப்பீடு மாதம் 140 யூரோவுக்கு மேல் வரும். நம் படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றுக்கு 18,000 ரூபாய் கட்டச் சொல்லி ஏஜென்ட் யாராவது அவசரப்படுத்தினால், உங்கள் வகை விசாவுக்கு அது கேட்கப்பட்டிருக்கிறதா என்று தூதரகத்தின் காகிதப் பட்டியலைப் பார்த்துவிட்டுக் கட்டுங்கள். பாஸ்போர்ட் இல்லாதவர்கள் சென்னைக்கு ஓட வேண்டாம், வேலூர்த் தலைமைத் தபால் நிலையத்திலேயே சேவை மையம் இருக்கிறது. 36 பக்கத்துக்கு 1,500 ரூபாய். விசாவுக்குத்தான் சென்னை. காலை அப்பாயின்ட்மென்ட் என்றால் முந்தைய இரவே போய்விடுங்கள், ரயிலை நம்பி வயிற்றைக் கலக்க வேண்டாம்.

5. இறங்கிய முதல் இரண்டு வாரம்

ஊர் சுற்ற ஆசையாகத்தான் இருக்கும். முதலில் வீட்டு முகவரியை நகர அலுவலகத்தில் பதிய வேண்டும், இரண்டு வாரத்துக்குள். பிறகு பல்கலைக்கழகத்தில் சேர்ந்ததும் மாட்ரிக்கெல் எண் கிடைக்கும், நம் ரோல் நம்பர் மாதிரி, சாகும்வரை மறக்காது. அதோடு ஒரு மின்னஞ்சலும் வரும். இனி எல்லாச் செய்தியும் அந்த மின்னஞ்சலுக்குத்தான் வரும், உங்கள் ஜிமெயிலுக்கு வராது. வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் யாரும் "நாளைக்குக் கடைசி நாள்" என்று போட மாட்டார்கள். தினமும் காலையில் அதைத் திறந்து பார்க்கும் பழக்கத்தை முதல் நாளே தொடங்குங்கள்.

நீங்கள் எடுத்த பாடங்களில் ஒன்றாவது நடக்காது என்று தெரியவரும், அல்லது இரண்டு பாடம் ஒரே நேரத்தில் வரும். எனக்கு ஹீட் டிரான்ஸ்ஃபரும் ஃபைனைட் எலிமென்ட்டும் முட்டிக்கொண்டன. பதற்றப்பட வேண்டாம், லேர்னிங் அக்ரிமென்ட்டை மாற்ற முதல் சில வாரங்கள் வழி உண்டு. ஆனால் மாற்றத்துக்கும் வேலூரிலிருந்து கையெழுத்து வர வேண்டும். இங்கே கல்லூரி அலுவலகம் காலை ஒன்பதரைக்குத் திறந்தால் அங்கே குளிர்காலத்தில் விடிகாலை ஐந்து மணி, இங்கே மாலை நாலரைக்குப் பூட்டும்போது அங்கே மதியம் பன்னிரண்டு. அக்டோபர் கடைசி ஞாயிறுவரை அதிலும் ஒரு மணி நேரம் வித்தியாசம். நான் அலாரம் வைத்து எழுந்து போன் பண்ணிப் பண்ணி ஒன்பது நாளில் வாங்கினேன். வேலூரில் நேரில் போய் நிற்க ஒரு நண்பனை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள், வந்ததும் ஆம்பூர் பிரியாணி வாங்கித் தருவதாகச் சொல்லி.

6. வகுப்பு: வருகைப் பதிவு கிடையாது, அதுதான் ஆபத்து

பெரும்பாலான விரிவுரைகளில் வருகை எடுக்க மாட்டார்கள், செமினார், லேப் மட்டும் விதிவிலக்கு. இன்டர்னல் மார்க் கிடையாது, மூன்று சைக்கிள் டெஸ்ட் கிடையாது, வீட்டுக்குப் போன் போட்டு "பையன் வரலீங்க" என்று சொல்ல மென்டரும் கிடையாது. முதல் மாதம் சொர்க்கம் மாதிரி இருந்தது. முழு மார்க்கும் கடைசியில் வரும் ஒரே தேர்வில் என்பது மனதில் ஏற டிசம்பர் ஆகிவிட்டது.

நேரத்தைப் பற்றி ஒரு சின்ன விஷயம். கால அட்டவணையில் 10 சி.டி. என்று போட்டிருந்தால் வகுப்பு 10.15-க்கு. எஸ்.டி. என்றிருந்தால் பத்துக்கே. நான் முதல் வாரம் முழுக்க யாரும் இல்லாத அரங்கில் உட்கார்ந்திருந்தேன். வகுப்பு முடிந்ததும் எல்லாரும் மேசையைத் தட்டுவார்கள், சண்டை இல்லை, அதுதான் கைதட்டு.

விரிவுரையோடு பயிற்சி வகுப்பு ஒன்று ஒட்டியிருக்கும், அங்கேதான் கணக்குப் போட்டுக் காட்டுவார்கள். கூட்டம் குறைவாக இருக்கும், மூத்த மாணவர்களே நடத்துவார்கள், கேள்வி கேட்கத் தயக்கமும் குறையும். விரிவுரையை விட்டாலும் இதை விடாதீர்கள். தேர்வுக்கு வரும் கணக்கு இதன் சாயலில்தான் இருக்கும்.

பேராசிரியரைக் குறுக்கே கேள்வி கேட்பது அங்கே மரியாதைக் குறைவு இல்லை. "இது எனக்குச் சரியாகப் படவில்லை" என்றுகூடச் சொல்லலாம், காரணம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். வாய்மொழித் தேர்வு உள்ள பாடத்தில் இந்தப் பழக்கம் இல்லாவிட்டால் தவித்துப்போவீர்கள். மனப்பாடம் செய்த வரையறையை நான் ஒப்பித்து முடித்ததும், "சரி, இந்த வாஷரை எடுத்துவிட்டால் என்ன ஆகும்?" என்று அவர் கேட்டார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

மின்னஞ்சல் எழுதும்போது பல்கலைக்கழக முகவரியிலிருந்து எழுதுங்கள். தலைப்பில் பாடத்தின் பெயர், கீழே முழுப் பெயர், மாட்ரிக்கெல் எண். "ரெஸ்பெக்டட் சார்" வேண்டாம், பேராசிரியர் என்று போட்டுக் குடும்பப் பெயர். நாலு வரிக்குள் விஷயம். பதில் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து நினைவூட்டலாம். வாட்ஸ்அப் எண் தேடாதீர்கள்.

7. தேர்வுக்குத் தனியாகப் பதிய வேண்டும்

இதற்காகத்தான் இந்தக் கட்டுரையே.

இங்கே பாடத்துக்குப் பெயர் கொடுத்து, கட்டணம் கட்டினால், ஹால் டிக்கெட் தானாக வரும். அங்கே பாடத்தில் சேர்வது வேறு, தேர்வுக்குப் பதிவது வேறு. செமஸ்டரின் நடுவில், பல இடங்களில் நவம்பர், டிசம்பர், ஜனவரி வாக்கில், சில வாரங்களுக்கு மட்டும் இணையத்தில் பதிவு திறந்திருக்கும். அதற்குள் ஒவ்வொரு தேர்வையும் தனித்தனியாகச் சொடுக்கிப் பதிய வேண்டும். தேதி துறைக்குத் துறை மாறும். இரண்டு துறைகளில் பாடம் எடுத்தால் இரண்டு தேதி.

நான் கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பாடத்தை வேறு துறையில் எடுத்திருந்தேன். எல்லா வகுப்புக்கும் போனேன், எல்லாப் பயிற்சியும் செய்தேன். தேர்வன்று காலை பனியில் நடந்து போய் உட்கார்ந்தால், பட்டியலில் என் பெயர் இல்லை. மேற்பார்வையாளர் மிகவும் மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் வெளியே அனுப்பிவிட்டார். கெஞ்சிப் பார்த்தேன். கெஞ்சினால் நடக்கும் ஊர் இல்லை அது.

எனவே முதல் வாரத்திலேயே ஒவ்வொரு பாடத்துக்கும் நாலு தேதியைக் குறித்துச் சுவரில் ஒட்டுங்கள்: பதிவு தொடங்கும் நாள், முடியும் நாள், பதிவை ரத்துசெய்யக் கடைசி நாள், தேர்வு நாள். பரிமாற்ற மாணவர்களுக்குச் சில இடங்களில் இணையப் பதிவு வேலை செய்யாது, தேர்வு அலுவலகத்தில் காகிதப் படிவம் கொடுக்க வேண்டியிருக்கும். பதிந்ததும் திரையைப் படமெடுத்து வையுங்கள். ரத்துசெய்யும் தேதியும் முக்கியம்: தயாராகவில்லை என்றால் அதற்குள் விலகிவிடலாம், விலகாமல் தேர்வுக்குப் போகாவிட்டால் 5.0.

தேர்வன்று காய்ச்சல் என்றால் அன்றைக்கே மருத்துவரைப் பார்த்து ஆட்டெஸ்ட் என்ற சான்று வாங்கி, தேர்வு அலுவலகத்துக்கு உடனே அனுப்ப வேண்டும், பல இடங்களில் மூன்று நாள்தான் அவகாசம். அடுத்த வாரம் போய்ச் சொன்னால் செல்லாது. தேர்வுக்கு என்ன எடுத்துப் போகலாம் என்பதையும் முன்பே பாருங்கள். சில பாடங்களில் கையால் எழுதிய ஒரு ஏ4 தாளை அனுமதிப்பார்கள். நம் ஊரில் அதற்குப் பெயர் பிட். அங்கே அதைத் தயாரிப்பதே பாதிப் படிப்பு. கால்குலேட்டரில் புரோகிராம் வசதி இருந்தால் பிடுங்கி வைத்துவிடுவார்கள்.

8. ரெக்கார்ட் நோட் புத்தியை விமானத்திலேயே விட்டுவிடுங்கள்

நாம் எல்லாரும் சீனியர் ரெக்கார்டைப் பார்த்து எழுதியவர்கள்தான். படிப்பது ஒருவர், எழுதுவது நாற்பது பேர், வாசகம்கூட மாறாது, லேப் மேடமும் சிவப்பு மையில் டிக் போடுவார். அங்கே லேப் அறிக்கையில் இரண்டு பத்தி இன்னொருவருடையதைப் போல இருந்தால் இருவருக்கும் பெயில், சில சமயம் விசாரணை. கொடுத்தவரும் சிக்குவார் என்பதைக் கவனியுங்கள். "நண்பன் கேட்டான், கொடுத்தேன்" என்பது அங்கே குற்றத்தை ஒப்புக்கொள்வது.

ஒவ்வொரு எழுத்து வேலையின் கடைசியிலும், இதை நானே எழுதினேன், பயன்படுத்திய எல்லா மூலங்களையும் குறிப்பிட்டேன் என்று ஓர் உறுதிமொழியில் கையெழுத்துப் போட வேண்டும். புத்தகத்திலிருந்து ஒரு வரி எடுத்தாலும் மேற்கோள். சொந்த நடையில் மாற்றி எழுதினாலும் அந்தக் கருத்து யாருடையது என்று குறிப்பு. சாட்ஜிபிடி பயன்படுத்தலாமா என்பது பாடத்துக்குப் பாடம் மாறும். சில பேராசிரியர்கள் எங்கே பயன்படுத்தினாய் என்று எழுதினால் போதும் என்பார்கள், சிலர் கூடவே கூடாது என்பார்கள். முதல் வகுப்பிலேயே கேட்டுவிடுங்கள், கேட்பதால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

குழு வேலையிலும் கவனம். நம் புராஜெக்டில் நாலு பேரில் ஒருவன் செய்வான், மூன்று பேர் பைண்டிங்குக்குக் காசு கொடுப்பார்கள். அங்கே யார் எந்தப் பகுதி என்று எழுதிக் கொடுக்கச் சொல்வார்கள், கேள்வியும் தனித்தனியாக வரும்.

9. மார்க் கணக்கு

1.0, 1.3, 1.7, 2.0 என்று இறங்கும். 4.0 பாஸ், 5.0 பெயில். மாற்றுவதற்குப் பவேரியன் சூத்திரம் என்று ஒன்று பரவலாகப் பயன்படுகிறது: உச்ச மார்க்கிலிருந்து உங்கள் மார்க்கைக் கழித்து, அதை உச்ச மார்க்குக்கும் பாஸ் மார்க்குக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்டுங்கள். நம் சி.ஜி.பி.ஏ. 8.2, பாஸ் 5 என்றால் 1.8-ஐ 5-ஆல் வகுத்து மூன்றால் பெருக்கினால் 1.08, ஒன்றைக் கூட்டினால் ஏறக்குறைய 2.1. தலைகீழாகப் போட்டால் அங்கே வாங்கிய 1.7 இங்கே 8.8-க்கு மேல் வரும். தேர்வுப் பிரிவு அண்ணனுக்கு இந்தக் கணக்கைத்தான் ஒரு பழைய விடைத்தாளின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டினேன். மூன்றாவது படியில் சொன்ன கடிதத்தை முன்பே வாங்கியிருந்தால் அதற்கு அவசியமே இருந்திருக்காது.

2.7 வந்தால் அழ வேண்டாம். பல பொறியியல் பாடங்களில் அது மரியாதையான மார்க்.

10. உதவி இருக்கிறது, நீங்கள்தான் போய்க் கேட்க வேண்டும்

எல்லா உதவியும் அங்கே இருக்கிறது, பெரும்பாலும் இலவசமாக. ஆனால் ஒருவரும் உங்களைத் தேடி வர மாட்டார்கள். நவம்பர் முழுக்க நான் அறையில் உட்கார்ந்து, யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தேன்.

ஃபாக்‌ஷாஃப்ட் என்ற துறை மாணவர் குழுவைத்தான் முதலில் பிடிக்க வேண்டும். பழைய வினாத்தாள்கள் அவர்களிடம் இருக்கும். எந்தப் பாடம் கொல்லும், எது கைகொடுக்கும் என்று உள்ளதை உள்ளபடி சொல்வார்கள். காபியும் மலிவு. மூன்று வருடத்து வினாத்தாளைப் போட்டுப் பார்த்ததில்தான் என் 1.7 வந்தது.

பேராசிரியர்கள் வாரத்தில் ஒரு மணி நேரம் சந்திப்புக்கு ஒதுக்கியிருப்பார்கள், மின்னஞ்சலில் நேரம் கேட்டுவிட்டுப் போகலாம். வெறும் கையோடு போய் "ஒன்றும் புரியவில்லை" என்று சொல்லாதீர்கள், எந்தக் கணக்கில் எந்த வரியில் நின்றுபோனீர்கள் என்று தாளைக் காட்டுங்கள். எழுத்து மையத்தில் அறிக்கையின் அமைப்பைப் பார்த்துத் தருவார்கள், மொழி மையத்தில் ஜெர்மன் வகுப்பு நடக்கும், அதற்கும் பல இடங்களில் கிரெடிட் உண்டு. சென்னையில் கோத்தே நிறுவனத்தில் ஜெர்மன் மொழியின் முதல் நிலையான ஏ1 முடித்துவிட்டுப் போனால் அங்கே அடுத்த நிலையான ஏ2-வில் சேரலாம், நம் கல்லூரியில் விருப்பப் பாடமாகக் கழிக்க முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள்.

கற்றல் குறைபாடு, நீண்டநாள் நோய், காது, கண் பிரச்சினை இருப்பவர்களுக்குத் தேர்வில் கூடுதல் நேரமோ தனி அறையோ கிடைக்கும். அதற்கு மருத்துவச் சான்று வேண்டும், செமஸ்டர் தொடக்கத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும். இங்கேயே மருத்துவமனையில் ஆங்கிலத்தில் வாங்கிக்கொண்டு போவது நல்லது. இதையெல்லாம் வெளியே சொன்னால் மார்க் குறைப்பார்களோ என்று பயப்பட வேண்டாம்.

மனசு சரியில்லை என்றால் ஷ்டூடியரெண்டன்வெர்க் என்ற மாணவர் நல அமைப்பில் ஆலோசகர்கள் இருக்கிறார்கள், ஆங்கிலத்தில் பேசுகிறவர்களும் உண்டு. விடுதியும் மென்சா என்ற சாப்பாட்டுக் கூடமும் அவர்களுடையவைதான். டிசம்பரில் வெயிலே பார்க்காமல் பதினைந்து நாள் போகும். வேலூர்க்காரனுக்கு வெயில் இல்லாமல் பைத்தியம் பிடிக்கும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன். தேர்வு பறிபோன வாரம் அங்கே போய்ப் பேசினேன். அம்மாவிடம் சொல்ல முடியாததை அங்கே சொல்ல முடிந்தது. காத்திருப்புப் பட்டியல் உண்டு என்பதால் முற்றும்வரை விடாதீர்கள்.

11. கிளம்புவதற்கு முன்

தேர்வு முடிந்து மார்க் வர நாலு, ஆறு வாரம், சில பாடங்களில் அதற்கும் மேல். மார்க் எல்லாம் வந்த பிறகுதான் டிரான்ஸ்கிரிப்ட். அதனால் கிளம்பும் முன் பன்னாட்டு அலுவலகத்தில் மூன்று விஷயத்தை முடித்துவிடுங்கள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை படித்தீர்கள் என்ற சான்றைக் கையோடு வாங்குங்கள், இங்கே வருகைப் பதிவுக்கு அதுதான் ஆதாரம். டிரான்ஸ்கிரிப்ட் தயாரானதும் நேரடியாக உங்கள் கல்லூரித் தேர்வுப் பிரிவுக்கும் ஒரு நகல் அனுப்பச் சொல்லி எழுதிக் கொடுங்கள். மதிப்பெண் முறையை விளக்கும் பக்கம் டிரான்ஸ்கிரிப்ட்டின் பின்னால் இணைந்திருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் இணைக்கச் சொல்லுங்கள்.

செமஸ்டர் முடிந்து பல்கலைக்கழக மின்னஞ்சலை மூடிவிடுவார்கள். அதற்குள் பாடக் குறிப்புகள், பதிவுச் சான்றுகள், பேராசிரியர்களின் பதில்கள் எல்லாவற்றையும் இறக்கி வையுங்கள். பின்னாளில் முதுநிலைக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்க வேண்டியிருந்தால், ஊரை விட்டுக் கிளம்பும் வாரத்திலேயே ஒரு தடவை நேரில் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள்.

வேலூர் வந்து சேர்ந்ததும் லேர்னிங் அக்ரிமென்ட், டிரான்ஸ்கிரிப்ட், மாற்று முறைக் கடிதம் மூன்றையும் ஒரே கவரில் போட்டு, தபால் பிரிவில் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். மேசையில் வைத்துவிட்டு வராதீர்கள். என் கவர் பதினோரு நாள் ஒரு கேலண்டருக்கு அடியில் இருந்தது.